அடைப்புக்குறிக்குள் நான்கு நொடி

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதன் முதுகிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி மேசையில் வைத்த பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போடுவார். அடுத்தது மின்விசிறி. அதையும் நிறுத்திவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு, வலது பாதத்தை மேசைக்கு அடியில் இருக்கும் மிதிகட்டையின் மேல் வைப்பார். முன்பாதத்தால் மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும். குதிகாலால் அழுத்தினால் இரண்டு நொடி பின்னால் போகும். இருபது வருடமாகக் குதிகாலுக்குத்தான் வேலை அதிகம். அதனால் துறை முழுக்க அவருக்கு ‘ரீவைண்டு அக்கா’ என்று பெயர். பேராசிரியரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா கண்டுகொள்ளவே இல்லை. காதில் அப்போது வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் பேச்சாய்வுத் துறை அது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் அங்கே பாடம், ஆராய்ச்சி எல்லாம். மருத்துவரும் நோயாளியும், ஆசிரியரும் பெற்றோரும், கடைக்காரரும் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவரும் பேசுவதைச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். ஆராய்வதற்கு முன் அந்தப் பேச்சு காகிதத்தில் இறங்கியாக வேண்டும். இறக்கிவைப்பது அக்காவின் வேலை. சொன்ன சொல் மட்டும் போதாது. பாதியில் விழுங்கிய சொல், நடுவில் போட்ட ‘ம்’, சிரிப்பில் கரைந்த கடைசி எழுத்து, பேச வாயெடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டவர் இழுத்த மூச்சு, எல்லாம் வேண்டும். யாரும் பேசாத இடத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு, எத்தனை நொடி என்று பத்தில் ஒரு பங்கு வரை எழுதுவார்.

“ஒரு நிமிஷப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆகும்ப்பா,” என்பார் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களிடம். “அவங்க சண்டை போட்டுக்கிட்டா ரெண்டு மணி நேரம். ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சிடுவாரு பாரு, அங்கதான் உயிர் போகும்.”

முன்பு வரைபடங்கள் அடுக்கியிருந்த அறை அது. ஒரே கதவு, கதவில் கையகலக் கண்ணாடி. அந்தப் பக்கம் போகிறவர்கள் அதில் எட்டிப் பார்த்துப் பயந்ததுண்டு. உள்ளே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் தனியாக விம்மிக்கொண்டிருப்பார். பதறிப்போய்க் கதவைத் திறந்தால், ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, “ஒண்ணுமில்ல, இந்தம்மா எப்படி அழுதாங்கன்னு செஞ்சு பாத்தாதான் எழுத வருது,” என்பார். மூச்சு உள்ளே போகும்போது விம்மினாரா வெளியே வரும்போதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்ததும் பென்சிலால் ஒரு கோடு. எல்லாவற்றையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். கணினியில் ஏற்றுவது அதற்கப்புறம்.

துறைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு தடவை அவரைக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரக் கூட்டம். மூன்று வாரம் கழித்து நாற்பத்தொரு பக்கம் கொண்டுவந்து வைத்தார். பேராசிரியர் ‘பார்க்கலாம்’ என்று சொல்வதற்கு முன் எடுத்துக்கொண்ட ஒன்றரை நொடி, துணைப் பேராசிரியர் தன் சொந்த நகைச்சுவைக்குத் தானே சிரித்த சிரிப்பு, யாரோ அடக்கப் பார்த்து முடியாமல் விட்ட இரண்டு கொட்டாவிகள் எல்லாம் அதில் இருந்தன. அதைப் படித்த பிறகு ஒரு மாதத்துக்கு அந்தத் துறையில் யாரும் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. அக்காவை மறுபடி யாரும் குறிப்பெடுக்கக் கூப்பிடவும் இல்லை.

வீட்டில் கதை தலைகீழ். கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், வாயைத் திறந்தால் மூடாத மனிதர். “ஊரான் ‘ம்’முனா முப்பது தடவ கேப்ப. நான் மூணு தடவ சொன்னாலும் உன் காதுல விழாது,” என்பது அவருடைய நிரந்தரப் புகார். “நீங்க மூச்சே விடாம பேசறீங்க. கேக்கறதுக்கு எடம் எங்க இருக்கு?” என்பார் அக்கா. ஆனால் நாத்தனார் தொலைபேசியில் பேசினால் மட்டும் ஒலிபெருக்கியில் போடச் சொல்லி, தட்டுக் கழுவுவதை நிறுத்திவிட்டு நிற்பார். “ஞாயித்துக்கிழமை கட்டாயம் வரேன்னு சொல்லிட்டா,” என்று கணவர் பூரித்துப் போவார். “வரமாட்டா. ‘கட்டாயம்’னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு செகண்டு நின்னா பாத்தீங்களா?” என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி தட்டைக் கையில் எடுப்பார். நாத்தனார் இதுவரை அவரைப் பொய்யாக்கியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. பதிவில் இருப்பவர்களின் பெயர் வெளியே போகக் கூடாது. ஆளுக்கு ஒரு பொய்ப் பெயர் வைப்பார்; அதுவும் நிஜப் பெயருக்கு எத்தனை எழுத்தோ அத்தனை எழுத்தில். தெருவை மாற்றுவார், கடையை மாற்றுவார். ஒரு பதிவில் வந்த நாயின் பெயரையும் மாற்றியதைப் பார்த்து ஒரு மாணவி சிரித்துவிட்டாள். “நாய்க்குமா அக்கா?” “நாய் பேரை வெச்சு வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நம்மளை நம்பிப் பேசியிருக்காங்கம்மா.” சொல்லும்போது குரல் கொஞ்சம் கறாராகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவருடைய கையால்தான் அது நடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்த அழைப்புகளைத் துறை ஆராய்ந்தது. அவற்றில் ஒன்று. அண்ணன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று ஒருவர் பதறுகிறார், விலாசம் சொல்கிறார். அதன் பிறகு மையத்துப் பெண்ணிடமிருந்து பேச்சில்லை. அக்கா எழுதிய பக்கத்தில் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் நான்கு புள்ளி இரண்டு என்று இருக்கும். அடுத்த வரியில் அந்த மனிதர், “ஹலோ? இருக்கீங்களா? ஹலோ!” என்று கத்துகிறார். பதிவில் அதற்கப்புறம் போன் கீழே விழுகிற சத்தம்தான். ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அண்ணனும் பிழைத்துக்கொண்டார். ஆனால், பதில் வராத நான்கு நொடி ஒரு மனிதனை எப்படிக் குலைத்துப்போடும் என்று பேராசிரியர் எழுதிய கட்டுரைக்கு அந்தப் பக்கம்தான் ஆணிவேர். கட்டுரைக்கு நல்ல பெயர். கட்டுப்பாட்டு மையமே அந்தப் பக்கத்தை வாங்கிப் புதியவர்களுக்குப் பயிற்சிப் பாடமாக வைத்துவிட்டது. இப்போது அது பேராசிரியருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயமாக அச்சுக்குப் போக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மையத்தின் பயிற்சியாளர் கூப்பிட்டார். வியாழக்கிழமை புது அணி வருகிறது, அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று வேண்டும் என்றார். எடுத்து அனுப்பினால் முடிந்தது. அக்காவால் அப்படி முடியாது. எந்தப் பக்கம் அறையை விட்டுப் போனாலும் இன்னொரு தரம் பதிவோடு ஒத்துப் பார்த்துத்தான் அனுப்புவார். கடிகாரத்தைக் கழற்றினார், செருப்பைக் கழற்றினார், கேட்டார்.

அந்த நான்கு நொடிக்குள் ஏதோ இருந்தது. டக், டக், டக். மிக மெல்லிய சத்தம். குதிகாலை அழுத்தினார். மறுபடி கேட்டார். பதினொரு தடவை கேட்ட பிறகு எண்ணிக்கை வந்தது. மெதுவாக ஒன்பது, ஓங்கி ஒன்று.

பயிற்சியாளரைத் திரும்பக் கூப்பிட்டார். “ஒரு சந்தேகம் சார். அட்ரஸ் சொல்லும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?”

“டைப் பண்ணுவோம் மேடம். எல்லாம் கோடு நம்பர்தான். ஒம்பது நம்பர் அடிச்சு எண்டர் தட்டினா வண்டி கெளம்பிடும். ஏன், எங்க நாலு செகண்டு அம்மா ஏதாவது புகார் குடுத்துட்டாங்களா?”

“யாரு?”

“அந்தப் போன் காலை எடுத்தவங்கதான். நீங்க எழுதின பக்கம் வந்ததுலேர்ந்து ஆபீஸ்ல அவங்களுக்கு அந்தப் பேரு.”

“பேரெல்லாம் மாத்தித்தானே குடுத்தோம்?”

“ஏணியிலேர்ந்து விழுந்தாங்கன்னு வருஷத்துக்கு எத்தனை போன் கால் மேடம் வரும்? படிச்ச ஒடனே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்கள போன் டியூட்டிலேர்ந்து எடுத்து ரெக்கார்டு ரூம்ல போட்டுட்டாங்க. திரும்ப போனுக்கே வரேன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தாங்க, கெடைக்கல. அப்பவே டைப் பண்ணிட்டுதான் இருந்தேன்னு அழுதாங்க, பாவம். அவங்க சும்மா இருந்தாங்கன்னு யூனிவர்சிட்டியே எழுதியிருக்கும்போது யாரு நம்புவா?”

அக்கா போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். மூன்று வருடத்துப் பென்சில் பிரதி கட்டாக இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்தார். அடைப்புக்குறிக்கு மேலே, பொடியாக, ‘டக்’ என்று பத்து முறை எழுதி, அதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது. ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே ‘விதிப்படி நீக்கம்’ என்று இருந்தது.

விதி என்பது மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் அட்டை. ‘வாயிலிருந்து வருவதை மட்டும் எழுதவும்’ என்று பேராசிரியர் தன் கைப்பட எழுதியது. அக்காவுக்கு முன்பு அங்கே இருந்த தட்டச்சர் வரிக்கு வரி மின்விசிறிச் சத்தம், கதவுச் சத்தம் என்று எழுதிக் குவித்ததால் வந்த விதி. நல்ல விதிதான். அதன்படி இருபது வருடமாக எத்தனையோ நாற்காலிச் சத்தங்களை அவர் அடித்திருக்கிறார். இது ஒன்று மட்டும் ஒரு பெண்ணின் வேலையாக இருந்துவிட்டது. காதில் விழாமல் போயிருந்தால்கூட மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது. விழுந்திருக்கிறது, எழுதியிருக்கிறார், அழித்திருக்கிறார்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. போன மாதம்தான் புது ஹெட்போன் வந்தது. பழையதில் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். இல்லையென்றால், பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிட்டு வாயைப் பொத்திக்கொள்ளலாம். அவருடைய வேலை ஒவ்வொரு வருடமும் பேராசிரியர் கையெழுத்தில் நீள்கிற வேலை. அந்தக் கையெழுத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இதெல்லாம் அவருக்குத் தோன்றாமல் இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

அன்று மதியம் சாப்பாட்டைத் திறக்காமலேயே கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், மூன்று பேருக்குப் பக்கத்தில் மாறி மாறி உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் விரல்களை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது ரெக்கார்டு ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் ஒரு கணம் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை.

மறுநாள் காலை பேராசிரியர் அறைக்கு அந்தப் பென்சில் பிரதி, பதிவு, ஹெட்போன் எல்லாவற்றோடும் போனார். மேசையில் புத்தகத்தின் அச்சுப்படி விரிந்து கிடந்தது.

“கீபோர்டு சத்தம்தான்னு எப்படிம்மா அடிச்சுச் சொல்றீங்க? எதுவா வேணா இருக்கலாமே.”

“ஒம்பது மெதுவா, பத்தாவது ஓங்கி சார். அங்க மூணு பேர் பக்கத்துல உக்காந்து கேட்டேன். எல்லாருமே எண்டரை மட்டும் குத்தறாங்க.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லேசில் விட்டுக்கொடுக்கிற மனிதர் இல்லை அவர். “சரி. ஆனா போன் பண்ணினவருக்கு அது கேக்கலையே. அவர் காதுக்கு அது நாலு செகண்டு அமைதிதான். என் வாதம் அப்படியே நிக்குது.”

“உங்க வாதம் நிக்குது சார். அந்தப் பொண்ணாலதான் நிக்க முடியல. அவருக்கு ஒண்ணும் கேக்கல, சரி. நாம அவங்க ஒண்ணும் பண்ணலன்னு இல்ல எழுதிட்டோம்?”

இருபது வருடத்தில் அக்கா அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேராசிரியர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். பிறகு பென்சில் பிரதியை இழுத்து, அடித்திருந்த பத்து ‘டக்’குகளையும் விரல் வைத்து எண்ணினார். முகம் வாடிப்போயிற்று.

“விதி போட்டது நான்தானேம்மா.”

“அழிச்சது நான் சார்.”

பேராசிரியர் அச்சுப்படியிலிருந்து முதல் அத்தியாயத்தை மட்டும் உருவித் தனியாக வைத்தார். புத்தகம் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று முணுமுணுத்தார். “வியாழக்கிழமை நானே வந்து சொல்றேன். நீங்க வரணும்னு இல்ல,” என்றார். அக்கா வருவதாகச் சொன்னார். அதைச் சொல்வதற்கு முன் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை மையத்தின் பயிற்சிக்கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். புதியவர்கள் முன்னால், மேற்பார்வையாளர்கள் ஓரமாக. ரெக்கார்டு ரூம் பெண்ணைத் தலைமை அதிகாரி தானே போய் அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார். அந்தப் பெண் யாரோடும் பேசாமல் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடைசி வரிசையில் சுவரோரமாக இருந்தார்.

பேராசிரியர் சுற்றி வளைக்கவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினார். முதல் தடவை யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எங்கே கேட்க வேண்டும் என்று சொல்லி இரண்டாம் தடவை போட்டதும் கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் அந்தப் பத்துத் தட்டல்களும் தங்கள் விரல் மாதிரி தெரிந்த சத்தம். நான்கு நொடியில் இந்த அம்மா வண்டியை அனுப்பிவிட்டார், வேறு யாராலும் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்காது என்றார் பேராசிரியர். இனி விலாசத்தை அடிக்கும்போதே, ‘வண்டி அனுப்பிட்டிருக்கேன், பேசுங்க’ என்று வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள், அதுதான் இதில் இருக்கும் பாடம் என்றார். தலைமை அதிகாரி எழுந்து, திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெண் மறுபடி போனுக்கு வருகிறார் என்று அறிவித்தார். கைதட்டினார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து, உட்கார்ந்தபடியே கேட்டார்.

“மூணு வருஷம் சார். அந்தச் சத்தம் அங்க ஒருத்தர் காதுலகூட விழலையா? யாரு எழுதினது அதை?”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “ஆய்வுக்கூடம்னா அதுல பல பேர் வேலை செய்வாங்கம்மா. விதி நான் போட்டது. அதனால யாரோ ஒருத்தர்னு சொல்ல...”

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதைப் போல, முழங்கை மடங்காமல், நேராக. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

“நான்தான்,” என்றார் அக்கா, எழுந்து நின்று. “பழைய ஹெட்போன்லயே கேட்டுச்சும்மா. எழுதவும் செஞ்சேன். அப்புறம் நானே அழிச்சேன். உங்களைப் பாத்துச் சொல்லணும்னு திங்கக்கெழமையே வந்தேன். கதவு வரைக்கும் வந்துட்டு, தைரியம் இல்லாம போயிட்டேன்.”

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். அந்தப் பெண் திரும்பி அக்காவைப் பார்த்தபடியே இருந்தார். அக்கா உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தை அக்காவுக்குக் கண்ணால் காட்டினார்.